நாம் ஜீப் வாங்கிய கதை

நாற்பத்தேழு வயதுவரை பஸ் வண்டியையே நம்பி வாழ்ந்த கல்லூரி ஆசிரியன் ஒருவன் திடீரென்று மோட்டார் வண்டி வாங்கப் போகிறான் என்ற செய்தி, பதுளை போன்ற ஒரு சிறு நகரத்தில் எத்தனை விரைவாகப் பரவும் என்பதை நாம் அனுபவித்தே அறிந்தோம். காலையில் இல்லாளிடம் சொன்னது, மாலைக்குள் மரக்கறிக் கடைக்காரர் வரையில் எட்டிவிட்டது. மறுநாள் ஆசிரியர் ஓய்வறையில் மூன்று கட்சிகள் தோன்றின. வாங்கினால் புத்தம் புதியதுதான் வாங்க வேண்டும் என்பது முதற் கட்சி. பழைய வண்டிதான் உழைக்கும் என்பது இரண்டாவது. ஆசிரியனுக்கு வண்டி எதற்கு என்பது மூன்றாவது. மூன்றாம் கட்சியில் நாமே நெடுங்காலம் அங்கத்தவராக இருந்தமையால், அவர்கள்மீது நமக்குச் சற்றேனும் கோபம் உண்டாகவில்லை.

அதிலும் நாம் தேடியது ஜீப் வகையைச் சேர்ந்த சிறு வண்டி. "சேருக்கு வேட்டைக்குப் போகிற எண்ணமோ?" என்று கணித ஆசிரியர் கேட்டார். வேட்டையும் இல்லை, உல்லாசப் பயணமும் இல்லை. ஒரு மார்கழி இரவின் நினைவுதான் நம்மை அந்த முடிவுக்குத் தள்ளியது.

நம்முடைய தாயார் நமுனுக்குலை மலைச்சாரலில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் வசிக்கின்றார். வயது எழுபத்தாறு. முப்பத்தெட்டு ஆண்டுகள் கொழுந்து எடுத்தவர். அந்தக் கொழுந்தில்தான் நம்முடைய பட்டப் படிப்பும் முளைத்தது. பதுளையில் சிறியதொரு வீட்டைக் கட்டிய நாளிலிருந்து அவரை நம்மோடு வந்திருக்குமாறு அழைத்து வருகிறோம். "எங்க காம்பராவ விட்டுட்டு எங்கய்யா வர்றது?" என்ற ஒரே பதிலே இன்றுவரை கிடைக்கிறது. தந்தையார் கண்மூடியது அந்தக் காம்பராவில். அவர் அந்தியில் அமரும் பலகை இஸ்தோப்பில் இன்னும் கிடக்கிறது. அதைத் துடைக்காமல் தாயாருக்குப் பொழுது விடிவதில்லை. இதற்கு எதிராக எந்தத் தர்க்கத்தைச் சொல்வது?

2024 மார்கழியில், மூன்று நாள் விடாமழைக்குப் பிறகு, இரவு ஒன்பது மணியளவில் பக்கத்துக் காம்பராவிலிருந்து தொலைபேசி வந்தது. அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்றார்கள். தெரிந்த முச்சக்கர வண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டோம். பசறை வரையில் தார் வீதி. அதற்கப்பால் தோட்டத் தொழிற்சாலை வரையில் ஒருவாறு வண்டி ஏறும். தொழிற்சாலையிலிருந்து லயத்துக்குச் செல்லும் இரண்டு கிலோமீற்றர்தான் பரீட்சை. கல் பெயர்ந்த மேடு, செம்மண் சேறு, ஒரு பக்கம் பள்ளம். முதல் வளைவிலேயே பின் சக்கரங்கள் சுழன்றனவேயன்றி வண்டி நகரவில்லை. சாரதி நல்ல மனிதர். இறங்கித் தள்ளினார், நாமும் தள்ளினோம். பின் அவர், "சேர், இதுக்கு மேல ஏறாது" என்று மெல்லச் சொன்னார்.

கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் நடந்தோம். பாதி வழியில் எதிரே ஒரு வெளிச்சம் அசைந்து வந்தது. லயத்து இளைஞர் நால்வர், நீலநிறப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் தாயாரை அமர்த்தி, மழை படாமல் படங்குச் சீலையால் போர்த்தி, தோளில் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். நம்மைக் கண்டதும், மூச்சுத் திணறலுக்கு இடையில் தாயார் கேட்ட முதற் கேள்வி, "நாளைக்கு பள்ளிக்கூடம் இல்லையாய்யா?" என்பது.

ஒன்பது நாள் வைத்தியசாலையில் இருந்து பிழைத்துக்கொண்டார். தாமதத்தைப் பற்றி வைத்தியர் ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத விரும்பவில்லை. மாதந்தோறும் பதுளைக்கு வந்து கிளினிக்கில் காட்டிப் போக வேண்டும் என்பது கட்டளை. தாயாரோ லயத்தை விடமாட்டார். ஆகவே, மழைக்காலத்திலும் லயத்துக்கு ஏறி இறங்கும் ஒரு வண்டி வேண்டும். இதுதான் நமது ஜீப்பின் பிறப்புக் காரணம்.

மொன்றியலில் வாழும் மைத்துனரிடம் தொலைபேசியில் யோசனை கேட்டோம். "குளிர்காலத்து வண்டியா? முதலில் டயரைப் பாருங்கள், அத்தான்; பிறகு வண்டியைப் பாருங்கள்" என்றார் அவர். அவர் வாழும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரையில் குளிர்காலத்து டயர் பூட்டாமல் வண்டியை வீதிக்குக் கொண்டுவருவதே சட்ட விரோதமாம். நமக்குச் சிரிப்பு வந்தது. ஊவாவில் உறைபனி எங்கே இருக்கிறது? அவர் சொன்னது எவ்வளவு பெரிய உண்மை என்பதைப் பிறகே உணர்ந்தோம்.

நம் மாகாணத்துக் குளிர்காலம் வேறு வகையானது. மே முதல் செப்ரெம்பர் வரையில் வீசும் தென்மேல் பருவக்காற்று, ஹட்டன், நுவரெலியாப் பக்கத்திலேயே தன் நீரைப் பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் உலர்ந்த கச்சானாக இறங்கும். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் அந்தக் காற்றுப் பட்ட கொழுந்துதான் ஊவாத் தேயிலைக்குரிய தனி மணத்தைத் தருவது. வாடைக்காற்று எழுந்ததும் கதை தலைகீழாகிறது. கிழக்கிலிருந்து வரும் மழைக்கு நமுனுக்குலையும் பசறையும் லுணுகலையுமே முதற் படி. நவம்பர் முதல் ஜனவரி வரையில் மழை, மேகம், மூடுபனி. பதுளை நகரம் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல். பதுளையில் வெயிலோடு புறப்பட்டவன் அப்புத்தளைச் சந்தியில் தன் வண்டியின் முகப்பைக் காணாமல் தேடுவான்.

பனி மட்டுமா? மண்ணே நகர்கிறது. 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணோடு மண்ணாகப் போனதை இம்மாகாணத்தில் யார் மறப்பார்? 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மலை சரிந்தது, வீதிகள் அறுந்தன. இத்தகைய நாட்களில் எந்த ஜீப்பும் உதவாது. வீட்டில் இருப்பதும், வெளியேறச் சொன்னால் உடனே வெளியேறுவதுமே உதவும். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறோம். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி வாங்கிவிட்டால் மலையையே வென்றுவிடலாம் என்று நினைப்பவர்கள் சிலரை இந்தத் தேடலில் நாம் சந்தித்தோம்.

தேடல் தொடங்கிய காலமும் விசித்திரமானது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் வீதியிலுள்ள பழைய வண்டிகளெல்லாம் பொன்னாக மாறியிருந்தன. பத்து வருஷம் ஓடிய வண்டியை, வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்கு விற்ற மகானுபாவர்கள் நம் கல்லூரியிலேயே உண்டு. புதிதாக வந்திறங்கியவற்றின் விலையோ, வரிகளோடு சேர்ந்து, ஆசிரியன் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டிய தொகையாக இருந்தது. 2022இல் எரிபொருளுக்குப் பட்ட பாடும் நினைவில் இருந்தது. கியூ. ஆர். அட்டையைக் காட்டி, காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் வாங்கிய காலம் அது. ஆகவே பெரிய எஞ்சின் வேண்டாம் என்பதில் நாமும் இல்லாளும் ஒன்றுபட்டோம். அபூர்வமாக நிகழும் சம்பவம்.

உயர்தர வகுப்பில் பயிலும் மகள் ஒரு கொப்பியில் அட்டவணை வரைந்தாள். தரையிலிருந்து வண்டியின் அடிப்பாகம் எவ்வளவு உயரம், அகலம் எவ்வளவு, எந்தெந்தச் சக்கரங்கள் இழுக்கும் என்று பத்தி பத்தியாக எழுதினாள். "விலை என்ற பத்தியைக் கடைசியில் போட்டிருக்கிறேன், அப்பா, முதலில் போட்டால் மற்றதை வாசிக்க மாட்டீர்கள்" என்றாள்.

அட்டவணையில் முதலிடம் பெற்றது சுசுக்கி ஜிம்னி. 2018இல் வெளிவந்த வடிவம். அடிப்பாகம் தரையிலிருந்து 21 சென்ரிமீற்றர் உயரம். லொறியைப் போலத் தனிச் சட்டகத்தின்மேல் உடல் அமர்ந்திருக்கிறது. வேண்டும்போது நான்கு சக்கரங்களையும் பூட்டிக்கொள்ளலாம். அதற்கு மேலாக, மிகத் தாழ்ந்த கியர் வரிசை ஒன்றும் உண்டு. செங்குத்தான ஏற்றத்தில் மாடு இழுப்பதைப்போல மெதுவாக, ஆனால் விடாப்பிடியாக இழுக்கும். இரண்டாவதாக டொயோட்டா ரைஸ். பட்டணத்துக்கும் மலைக்கும் நடுவான வண்டி. அடிப்பாகம் 18½ சென்ரிமீற்றர். ஆனால் நாம் விலை கேட்டவை யாவும் முன் சக்கரம் மட்டும் இழுப்பவை. மூன்றாவதாக, எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய டைஹட்சு டெரியோஸ். நல்ல வண்டி, ஆனால் நம் மகளைவிட வயதில் மூத்தது.

ஜிம்னியின்மேல் நமக்கு உண்டான மோகத்தை மறைப்பானேன்? அதன் சதுர முகத்தைக் கண்டால் அந்தக் காலத்துத் துரைமார் ஓட்டிய லாண்ட் ரோவரின் பேரப்பிள்ளையைக் கண்டது போலிருக்கும். சிறுவனாயிருந்தபோது அந்த வண்டியின் ஓசை கேட்டாலே நாம் பாதையோரத்துக் கானுக்குள் இறங்கி நிற்போம். அப்படிப்பட்டதொன்றை நாமே ஓட்டி அந்த லயத்தின் முன் போய் நிற்பது என்ற எண்ணத்தில் இருந்த இன்பம், அட்டவணையின் எந்தப் பத்தியிலும் அடங்காதது. பண்டாரவளையில் நம் நண்பர் ஒருவரிடம் ஜிம்னி இருந்தது. 2025 சித்திரை மழையில் ஒரு சனிக்கிழமை, அவரே ஓட்ட, நாம் தோட்டத்துக்குப் புறப்பட்டோம்.

வண்டி ஏறிய அழகை என்னவென்று சொல்வது! முச்சக்கர வண்டி நின்றுவிட்ட அந்த வளைவை அது பொருட்படுத்தவேயில்லை. லயத்து வாசலில் போய் நின்றதும் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். நாம் தலை நிமிர்ந்து இறங்கினோம். தாயாரைக் கைப்பிடித்து அழைத்து வந்து, "ஏறுங்கள் அம்மா, ஒரு சுற்றுப் போய் வருவோம்" என்றோம்.

அவரால் ஏற முடியவில்லை.

படி உயரம். ஆசனம் அதற்கும் உயரம். மலையேறித் தேய்ந்த முழங்கால் மடங்க மறுத்தது. பின்னாசனத்துக்குத் தனிக்கதவு கிடையாது. முன்னாசனத்தை மடக்கித்தான் நுழைய வேண்டும். அது அவருக்கு ஆகாத காரியம். ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டோம். மூன்று முறை முயன்றபின், வண்டியின் கதவைத் தடவிக்கொண்டே, "இது தொர ஏறுற குதிரையில்லய்யா? நமக்கு எதுக்கு இது?" என்று சொல்லிவிட்டு இஸ்தோப்புக்குத் திரும்பிவிட்டார்.

எந்த மலையும் ஏறும் வண்டி. யாருக்காக அது வேண்டுமோ அவரால் அதில் ஏற முடியாது! மகள் எழுதிய அட்டவணையில் அப்படியொரு பத்தி இருக்கவில்லை. அன்றிரவு அவள் பேசாமல் ஒரு கோடு கிழித்து, "அப்பாயி உட்காரும் உயரம்" என்று தலைப்பிட்டாள். அடுத்த கிளினிக் நாளில் அப்பாயியைக் கட்டிலோரத்தில் அமர்த்தி அடிமட்டத்தால் அளந்தாள். இடுப்பை உயர்த்தவும் வேண்டாம், தாழ்த்தவும் வேண்டாம், அப்படியே பக்கவாட்டில் அமர்ந்து காலை உள்ளே எடுக்கக்கூடிய உயரம் எதுவோ, அதுவே வேண்டிய உயரம். 2023 முதல் இந்தியாவில் செய்யப்படும் ஐந்து கதவு ஜிம்னியைப் பற்றியும் விசாரித்தோம். கதவு கூடினாலும் உயரம் குறையவில்லை. விலையும் நமக்கு எட்டவில்லை.

மாதங்கள் சென்றன. 2025 செப்ரெம்பரில், எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலாவிலிருந்து திரும்பிய பஸ் வண்டியொன்று இரவில் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்டனர். 2021 மார்ச்சில் பசறை – லுணுகலை வீதியிலும் இப்படியே ஒரு பஸ் வீழ்ந்து பத்துக்கு மேற்பட்டோர் இறந்ததை நாம் மறந்திருக்கவில்லை. அந்த வாரம் இல்லாள் ஒரு கேள்வி கேட்டார்: "ஏறுறதப் பத்தியே பேசிக்கிட்டிருக்கீங்களே, எறங்குறதப் பத்தி யாராவது சொன்னாங்களா?"

ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே, பதுளையில் நெடுங்காலமாகக் கராஜ் நடத்தும் ஒரு பாஸிடம் போனோம். அவர் கிறீஸ் கையைத் துடைத்துக்கொண்டு நமக்கு நடத்திய பாடம், நம்முடைய இருபது வருஷத்துப் பாடங்கள் பலவற்றிலும் தெளிவானது.

"சேர், ஏறுவதற்குத்தான் சில வண்டிக்கு ரெண்டு சக்கரம், சில வண்டிக்கு நாலு. நிற்பதற்கு எல்லா வண்டிக்கும் நாலு சக்கரம்தான். அதில் ஜீப்புக்கு ஒன்றும் கூடுதல் இல்லை" என்றார் அவர்.

எவ்வளவு எளிய உண்மை! நான்கு சக்கரமும் இழுக்கும் அமைப்பு, வழுக்கும் மண்ணில் வண்டியைப் புறப்படச் செய்யும், ஏறச் செய்யும். பிரேக் போடும்போது அது உதவ வராது. அப்போது வண்டியை நிறுத்துவது உள்ளங்கையளவு இடத்தில் நிலத்தைத் தொடும் ரப்பர் ஒன்றுதான். மொன்றியல் மைத்துனரும் பதுளைப் பாஸும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே கட்சியாய் இருந்தார்கள். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறி, கருகல் மணம் எழுந்து, கடைசியில் பிடிக்காமலே போய்விடும். தாழ்ந்த கியரில் போட்டு எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும்படி இறங்க வேண்டும். பிரேக்கை இடையிடையே மட்டும் தொட வேண்டும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது பழைய லொறிச் சாரதிகளின் சூத்திரமாம். கியரைக் கையால் மாற்றத் தேவையில்லாத வண்டிகளிலும் இதற்கென 'எல்' என்றோ வேறு எழுத்தாலோ ஒரு நிலை குறிக்கப்பட்டிருக்கும். அதை ஒருநாளும் தொட்டறியாமல் பத்து வருஷம் வண்டி ஓட்டிய நண்பர்கள் நமக்குண்டு.

டயரைப் பற்றியும் பாஸ் ஓர் இரகசியத்தைக் காட்டினார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 1823 என்றிருந்தால், 2023ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பள்ளம் தேயாமல் பளபளவென்று இருந்தாலும், வயதான டயரின் ரப்பர் இறுகி ஈர வீதியில் பிடிமானத்தை இழக்கும். இன்னொன்று: ஜப்பானிலிருந்து வரும் வண்டிகள் சிலவற்றில், அந்நாட்டு வடபகுதி உறைபனிக்கென்றே செய்த மிருதுவான டயர்கள் பூட்டியபடி வந்துவிடுவதுண்டு. 'ஸ்டட்லெஸ்' என்று அவற்றில் எழுதியிருக்கும். பனிக்குச் செய்ததுதானே, நம் பனிக்கும் நல்லதென்று மகிழ்ந்துவிடக் கூடாது. நம் ஊர்ச் சூட்டில் அது விரைவில் தேயும். ஈரத் தாரில் அதன் பிடிமானம் குறைவு. ஜப்பானியரின் பனி வேறு. நமது பனி வேறு. ஒரே சொல் இரண்டையும் குறிப்பது தமிழாசிரியனாகிய நம்மையே ஏமாற்றப் பார்த்தது.

இறுதியில் நாம் வாங்கியது, அட்டவணையில் இடம் பெறாத ஒரு சிறு பிராணி. சுசுக்கி ஹஸ்லர், பத்தாண்டு பழையது, நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. ஓய்வறையில் அதை ஜீப் என்று ஒப்புக்கொள்ளவே மறுத்தார்கள். "தீப்பெட்டிக்குச் சக்கரம் பூட்டியது" என்றார் கணித ஆசிரியர். எஞ்சின் 660 கன சென்ரிமீற்றருக்கு மேற்படாது. ஜப்பானியச் சட்டப்படி அந்த வகுப்பு வண்டியின் அகலம் 1.48 மீற்றருக்குள்ளும் நீளம் 3.4 மீற்றருக்குள்ளும் அடங்க வேண்டும். ஆனால் தோட்டத்துப் பாதைக்கு அந்த ஒடுக்கமே வரம். கொழுந்து லொறி எதிரே வந்தால் ஒதுங்க இடம் கிடைக்கிறது. கொண்டையூசி வளைவில் ஒரே திருப்பில் திரும்புகிறது. அடிப்பாகம் ஏறக்குறைய 18 சென்ரிமீற்றர் உயரம். கல்லைப் பார்த்து ஓட்டினால் போதும். முன் சக்கரம் வழுக்கினால் பின் சக்கரத்துக்கும் விசை தானாகப் போகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தாயார் அதில் கட்டிலோரத்தில் அமர்வதுபோல அமர்ந்து காலை உள்ளே எடுத்துக்கொண்டார். முதல் முயற்சியிலேயே.

குறை இல்லாமலில்லை. நால்வர் ஏறினால் செங்குத்தில் அதற்கும் மூச்சு வாங்குகிறது. பின்னால் வருபவர் பொறுமையிழக்கிறார். நாம் ஒதுங்கி வழி விடுகிறோம். ஆசிரியத் தொழில் கற்பித்த நற்குணம் அது.

பழைய டயர்கள் நான்கையும் கழற்றிவிட்டுப் புதியவை போட்ட செலவில்தான் இல்லாளின் காப்பு ஒன்று அடகுக் கடைக்குப் போனது. அதைப் பற்றி அவரே முந்திக்கொண்டு பேசினார்: "காப்பு கையில் கிடந்து என்ன செய்யும், டயர் வீதியில் கிடக்கட்டும்." கோயிலில் பூசை செய்து, நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியபோது, எலுமிச்சம்பழத்தை மட்டுமல்ல, டயரையும் சரியாகத் தேர்ந்திருக்கிறோம் என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டோம்.

மூடுபனியில் ஓட்டும் கலையை நாம் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறோம். உயர்ந்த வெளிச்சத்தைப் போட்டால் அது பனித்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்புகிறது. தாழ்ந்த வெளிச்சமே வழி காட்டும். கண்ணாடியின் உட்புறம் மங்கினால் துணியால் துடைத்துப் பயனில்லை. குளிர்காலத்தில் யாராவது குளிர்சாதனத்தைப் போடுவார்களா என்று முதலில் சிரித்தோம்; ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால், சூட்டோடு சேர்த்துப் போட்டதும் கண்ணாடி சில நிமிஷத்தில் தெளிந்துவிடுகிறது. வளைவுதோறும் ஒலி எழுப்புகிறோம். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுகிறோம். ஒன்றும் தெரியாத இடத்தில் நிற்கிறோம். கடைசியாகச் சொன்னதே கற்பதற்கு மிகக் கடினமாக இருந்தது.

புயலுக்குப் பிறகு லயத்துப் பாதையின் மதகு ஒன்று உடைந்து போயிற்று. இன்னும் கட்டவில்லை. இந்தப் பாதைகளெல்லாம் ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டிகளுக்காக வெட்டப்பட்டவை; தொழிற்சாலை வரையிலும் பங்களா வரையிலும் ஒழுங்காகப் போய்விட்டு, லயத்தை நோக்கித் திரும்பும்போது களைத்துப் போய்விடும் இயல்புடையவை. இது தோட்டத்துடைய பாதையா, பிரதேச சபையுடையதா என்ற வினாவுக்கு இரு பக்கத்திலும் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். நாமும் இளைஞர்களும் இருவருக்கும் மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். மனு எழுதுவதற்காவது பட்டப் படிப்பு பயன்படட்டும்.

ஆகையால், 2026 தை மாதக் கிளினிக் நாளில், நமது நாலு சக்கர ஜீப் மதகின் இந்தப் பக்கத்திலேயே நின்றது. விடியற்காலை ஐந்து மணி. மூடுபனிக்குள் அதே நீலநிற நாற்காலி அசைந்து வந்தது. தூக்கி வந்தவர்களும் அதே இளைஞர்கள். முன்பு இரண்டு கிலோமீற்றர். இப்போது முந்நூறு அடி. தாயார் நாற்காலியிலிருந்து இறங்கி, வண்டியின் முன்னாசனத்தில் பக்கவாட்டில் அமர்ந்து, காலை உள்ளே எடுத்துக்கொண்டார். மகள் பின்னாலிருந்து எட்டி ஒரு பொத்தானை அழுத்தினாள். உறைபனி நாட்டாருக்காக வைத்த, ஆசனத்தைச் சூடாக்கும் பொத்தான் அது. வாங்கிய அன்று வீண் ஆடம்பரம் என்று நாம் நினைத்தது.

இறக்கத்துக்கென்றுள்ள இன்னொரு பொத்தானை நாம் அழுத்தினோம். பிரேக்கை மிதிக்காமலே, நடந்து போகிறவரின் வேகத்தில் வண்டி சேற்றில் இறங்கத் தொடங்கியது. சற்று நேரம் தாயார் ஒன்றும் பேசவில்லை. பிறகு இடுப்புக்குக் கீழே கையை வைத்துப் பார்த்து, "என்னய்யா, அடியில அடுப்பு வச்சிருக்கா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னோம். "இது ரொம்ப நாளைக்கு முன்னாடியே இருந்திருந்தா ஒங்கப்பனுக்கும் இடுப்பு வலி கொறஞ்சிருக்கும்" என்றார். பசறையைக் கடக்கும்போது தூங்கிப் போயிருந்தார்.

நாற்காலியை இளைஞர்கள் மதகுப் பக்கத்துச் சவுக்கு மரத்தில் சாய்த்துவைத்துவிட்டுப் பெரட்டுக்குப் போய்விட்டார்கள். மாலையில் திரும்ப வேண்டுமே.